ரயில்வேயில் வேலை பார்க்காத வல்லிபுரம் எழுதுவது

தன்னாமுனை,
18.09.2005

மதிப்புக்குரிய மச்சான் கனகசூரியம் அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். எழுபது வயதில் தகரக் கொட்டிலுக்குள் எவ்வளவு சுகமாக இருக்கலாமோ அவ்வளவு சுகம். இலண்டன் குளிரில் உங்களுக்கும் மச்சாளுக்கும் ஒரு குறையும் வராமல் மாமாங்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும்.

நாற்பத்தொரு வருடம் கழித்து ஒரு விசயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ரயில்வேயில் கார்டாக இருந்ததில்லை. ஒன்பது வருடம் ஆமியில் லொறி ஓட்டினேன். பட்டாளத்தானுக்குப் பெண் தரமாட்டேன் என்று உங்கள் அப்பா சொன்னாராம். ஆகவே கலியாணத் தரகரே எனக்கு ரயில்வேயில் வேலை போட்டுக் கொடுத்தார். பிறகு சண்டை வந்தது. எவர் கேட்டாலும் ஆபத்தான உத்தியோகம் என்பதால் கார்டாகவே இருந்துவிட்டேன். கலியாணத்துக்குப் பிறகு உங்கள் தங்கைக்கு மட்டும் சொன்னேன். ஆமி தந்த பத்திரத்தைக் கல்லடி வீட்டுக் கூரைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். கடல் கூரையோடு அதையும் கொண்டுபோனது. என்னை யூனிபோமில் கண்ட கூட்டாளிகள் இரண்டு பேரும் அன்றைக்கே போய்விட்டார்கள்.

போன மாதம் நிவாரணக் கந்தோரில் உசாந்தி என்ற பிள்ளை எல்லோருக்கும் முன்னால் ஒரு கடிதம் வாசித்தாள். சுனாமியில் வீடிழந்த பழைய பட்டாளத்தாருக்கு வீடு கட்ட ஒரு சங்கம் உதவுகிறதாம். “ஆமியில இருந்த ஆக்கள் ஆரும் இஞ்ச இரிக்கிங்களா?” என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரும் போனபிறகு திரும்பிப் போய் அவள் காதுக்குள் சொன்னேன். “என்ன, நீங்க ஆமியா ஐயா?” என்று அவள் கத்தியதில் வெளியே சைக்கிள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். அத்தாட்சி வேண்டும் என்றாள். மறுகா என்ன செய்வது? இருபது வருடமாகக் கண்டால் ஒதுங்கி நடந்த ஆமிக் காம்புக்கு நானே நடந்து போனேன். வாசலில் காவல் நின்ற பெடியன் இரக்கத்தோடு, “என்ன ஐயா, மகனைப் புடிச்சதா?” என்றான். “இல்லை தம்பி, நான்தான் ஆமி” என்றேன். உள்ளே கொண்டுபோய்ச் சார்ஜன் முன்னால் நிறுத்தினான். அவர் நம்பவில்லை. என் பட்டாள நம்பரைக் கேட்டார். மச்சான், காலையில் என்ன தின்றேன் என்பதை மறந்துவிடுவேன். ஆனால் அந்த நம்பர் தானாக வாயில் வந்தது, முழங்கால் வலியை மறந்து உடம்பும் விறைத்து நின்றது. சார்ஜன் எழும்பிவிட்டார். தேத்தண்ணி தந்தார், கடிதம் தந்தார், வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் ஆமி ஜீப்பில் ஏற்றிக் கொட்டில் வாசலிலேயே இறக்கியும் விட்டார்.

அன்று பின்னேரம் இயக்கத்துப் பெடியன்கள் இரண்டு பேர் வந்தார்கள். பெயர் சொல்லவில்லை, கதிரையில் இருக்கவுமில்லை. “ஜீப்பில வந்தீங்களாம். உங்களுக்கும் ஆமிக்கும் என்ன?” என்றார்கள். உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து வந்து, “மனே, நல்லாப் பாருங்க. கோழியத் துரத்தச் சொன்னா ரெண்டு நாள் யோசிக்கிற மனிசன். இவரா ஆமி? கால் ஏலாமக் கிடந்தாரு, ஏத்தி வந்து விட்டிருக்கானுகள்” என்றாள். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். நம்பிவிட்டார்கள். உயிர் தப்பியது சந்தோசம்தான். அவ்வளவு லேசாக நம்பியிருக்க வேண்டாம்.

இனி உங்களிடம் ஒரு உதவி. என்னைக் காக்கி உடுப்பில் கண்ட உறவினர் ஒருவரும் சங்கத்துக்கு எழுதித் தரவேண்டுமாம். கலியாணத்துக்கு முன் மட்டக்களப்பு ஸ்டேசனில் நீங்கள் கண்டது ரயில்வே உடுப்பு அல்ல என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. எல்லோரும் நீண்டகாலம் நனையாத வீட்டில் வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
சி. வல்லிபுரம்

பி.கு: உறையை ஒட்டமுன் உங்கள் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். கடிதம் வேண்டாமாம். சங்கம் உதவுவது வீட்டுச் சொந்தக்காரருக்கு. கல்லடி வீடு அவளுடைய சீதனம், காணி உறுதி அவள் பெயரில். நான் அங்கே குடியிருந்தவன் மட்டும்தானாம். மாசி மாதமே கிராம சேவகரிடம் சுனாமி வீட்டுக்குத் தன் பெயரைப் பதிந்துவிட்டாளாம். திங்கட்கிழமை அத்திவாரம் வெட்டுகிறார்களாம். “அப்ப ஏன்கா என்னை இவ்வளவு அலையவிட்டாய்?” என்று கேட்டேன். “கடலப் பார்த்தபடி ஏழு மாசம் பேசாமக் கிடந்தீங்க. இந்த அலைச்சல் தொடங்கின பிறகுதான் சோறு கேட்டுத் தின்றீங்க” என்றாள்.