பாலத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில்

அன்புள்ள மருமகளுக்கு உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். என் முழங்காலுக்கு மட்டும் அதில் உடன்பாடு இல்லை. அங்கே நீ, என் மகன், உன் ஆற்றுக் கணக்கு மூவரும் நலமா?

சுரங்கக் கழிவு எந்தக் கிளையாற்றில் இறங்கி எவ்வளவு தூரம் போகிறது என்று நீ கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாய். அதற்கு எட்டு வாரமாகத் தண்ணீர் பிடித்து அனுப்புகிறவன் நான். போன வாரம் போனில் அழாத குறையாகச் சொன்னாய், சுரங்க ஓடை ஆற்றில் கலக்கிற இடத்துப் பாலத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரே அளவு ஈயம், ஆகவே சுரங்கத்தின்மேல் குற்றமில்லை என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் உன் அதிகாரி கதையை முடிக்கப் போகிறார் என்று. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று நான் பாலத்தில் நின்று வாளியை இறக்கும்போது, தூண்டில் போட்டிருந்தவர் என்ன செய்கிறேன் என்று கேட்டார். பாலத்துக்கு மேலே நின்று ஒரு பாட்டில், படியிறங்கி பாலத்துக்குக் கீழே நின்று ஒரு பாட்டில், மருமகள் சொன்னபடியே என்று பெருமையாக விளக்கினேன். அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

“சார், மேலன்னா தண்ணி வர்ற பக்கம், கீழன்னா போற பக்கம். நீங்க ஒரே தண்ணியை மாடியிலேர்ந்தும் கீழ்வீட்டுலேர்ந்தும் மொண்டிருக்கீங்க.”

முப்பத்தோரு வருஷம் தபால் பிரிச்சவன்மா நான், ஒரு கடுதாசியைத் தெரு மாத்தி அனுப்பினதில்ல, எனக்கா இப்படி? போன்ல சொன்னா மரியாதைக்காக நீ சிரிப்பை அடக்குவே, அதைத் தாங்க முடியாதுன்னுதான் எழுதறேன். உன் கணக்கு தப்பில்ல. இந்தக் கடுதாசியைக் கூட்டத்துல படிச்சுக் காட்டு, என் மானம் போனா போகட்டும். இன்னிக்குக் காலையில சரியான ரெண்டு இடத்துலயும் பிடிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன், நாளைக்கு பஸ்ல வரும்.

நீயும் உன் கணக்கும் நூறு வயசு இருக்கணும்.

ஆசீர்வாதங்களுடன்,
மேல் கீழ் தெரியாத மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பார்த்தால், உன் அத்தை அந்த இரண்டு பாட்டிலையும் சிங்க்கில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டதற்கு, “வாரா வாரம் பண்றதுதானே? ஃப்ரிட்ஜ் பூரா ஆத்து நாத்தம். கழுவிட்டு நல்ல தண்ணி பிடிச்சு வைக்கிறேன்” என்றாள். நல்ல தண்ணீர் என்பது எங்கள் சமையலறைக் குழாய். ஆக, எட்டு வாரமாக நீ ஈயம் கண்டுபிடித்தது அதில்தான். குடிநீர் ஆபீசில் விசாரித்தேன். குழாய்க்குத் தண்ணீர் எடுப்பது பாலத்துக்குக் கீழேயாம். நீ சொல்கிற கீழே. குழாயை மூடிவிட்டேன். கடிதத்தில் மேலே ‘நலம்’ என்று எழுதியதை அடித்துவிடு. உன் ஆற்றுப் படத்தில் எங்கள் சமையலறைக்கும் ஒரு புள்ளி வை.