பால்கனிக்கு வராத பேப்பர்

நாற்பது வருடம் செய்தித்தாள் அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அதற்குத்தான் சம்பளம். ஆனால் பேப்பர் நைனாவைச் சந்தேகப்பட்ட அளவுக்கு வேறு ஒரு மனிதரையும் சந்தேகப்பட்டதில்லை. மயிலாப்பூரிலேயே அவ்வளவு சந்தேகத்துக்கு இடமான ஆள் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் தெருவுக்குப் பேப்பர் போடுகிறவர். பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாரையும் அவர் 'நைனா' என்று கூப்பிட்டார். நாங்களும் அதையே திருப்பிக் கொடுத்தோம். அறுபது வயது இருக்கும். கால்வாய்க் கரையில் இருந்த வீட்டை இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே எங்கோ ஓர் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார். மயிலாப்பூரில் ஒரு கடை வாசலில் பூட்டி வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு தொழிலைத் தொடங்குவார். அந்த ஊர்க்காரர்கள் பேப்பர் படிக்க மாட்டார்களா, இவ்வளவு தூரம் எதற்கு வருகிறார்? என் முதல் சந்தேகம் இதுதான்.

அவருடைய கை தெருவில் பிரசித்தம். சைக்கிளை நிறுத்த மாட்டார். பேப்பரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டி ஒரு வீச்சு. சித்திரக்குளம் பக்கத்தில் எங்கள் கட்டடம். தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. என் வீடு முதல் மாடி. பால்கனியில் ஒரு பிரம்பு நாற்காலி. பேப்பர் அந்த நாற்காலியில்தான் விழும். ஒருநாள் நான் காபியோடு அதில் உட்கார்ந்திருந்தபோது மடியில் வந்து விழுந்தது. காபி சிந்தவில்லை.

அப்படிப்பட்டவர் இரண்டு வருடம் முன்பு, ஒரு புரட்டாசிக் காலையில், எனக்குப் பேப்பர் வீசவில்லை.

அப்போதைய என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். எழுபத்தோரு வயது. மனைவி இறந்து ஐந்து வருடம். அந்த ஆனி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் கடந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, இனிமேல் நடப்பதுதான் மருந்து என்று டாக்டர் சொன்னார். பிசியோதெரபி தம்பியும் அதையே சொன்னார். நான் கூடத்திலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து கூடத்துக்கும் நடந்தேன். படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. பதினெட்டுப் படி. மேலிருந்து பார்த்தால் கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள்.

என் மகன் ஸ்ரீதருக்குத் தரமணியில் வேலை, கொட்டிவாக்கத்தில் வீடு. அவன் ஒரு கெடு வைத்தான்.

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன்பா. அதுக்குள்ள நீங்களா எறங்கி ஏறினா சரி. இல்லைன்னா கொட்டிவாக்கம்தான். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

கொட்டிவாக்கத்தில் கடற்காற்று உண்டு, அறை உண்டு, மருமகளின் நல்ல ரசம் உண்டு. ஆனால் முப்பது வருடமாக நான் கவனித்துவரும் அக்கம்பக்கத்தார் அங்கே இல்லை. எனக்கு என் வீட்டை விட்டுப் போக மனமில்லை. படி இறங்கவும் தைரியமில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நிலையில்தான் நாற்காலி காலியாக இருந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். நைனா சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்.

"யோவ் நைனா! பேப்பர் எங்கய்யா?"

"தோ, படிக்கட்டுல கீது நைனா!"

"ஏன், மேல போடறதுக்கென்ன?"

"கை ராங்கா பூட்ச்சு நைனா!" போய்விட்டார்.

வாசல் கதவைத் திறந்தேன். மூன்று படி கீழே பேப்பர் கிடந்தது. சமையல் செய்யும் அம்மா ஒன்பது மணிக்குத்தான் வருவார். ஒன்பது மணிக்குக் கைக்கு வருவது பேப்பர் அல்ல, பழைய பேப்பர். இதைப் பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்று படி இறங்கி மூன்று படி ஏறினேன். பதினோரு நிமிடம் ஆனது. சட்டை நனைந்துவிட்டது.

மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாள் ஐந்து. நான் தொழில் பழக்கத்தை விடவில்லை. குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். திங்கள் ஐந்து, செவ்வாய் ஐந்து, புதன் எட்டு. தீபாவளி மலர் வாங்க முழுப் பதினெட்டும் இறங்கி, கேட்டில் செருகியிருந்ததை உருவிக்கொண்டு வந்தேன். யாரோ திட்டம் போட்டு நடத்துகிறார்கள் என்பது உறுதியாயிற்று.

முதலில் மகனுக்குப் போன் போட்டேன்.

"நைனாவுக்கு நீ எவ்வளவு குடுத்தே?"

"எந்த நைனா?"

"நடிக்காதே. பேப்பர்காரர்."

"அப்பா, எங்க வீட்ல பேப்பரே வாங்கறதில்லை. நீங்க மாத்திரை போட்டீங்களா?"

அடுத்தது பிசியோதெரபி தம்பி. அவரை உட்கார வைத்து, அந்தக் காலத்தில் அதிகாரிகளைக் கேட்பது போலக் கேட்டேன். அவர் என் முட்டியை மடக்கிக்கொண்டே, "நல்லா இறங்குறீங்களா சார்? சூப்பர் சார்" என்றார். சந்தோஷத்தில் கள்ளம் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது முடிவுதான் சரியாகப் பொருந்தியது. யாருக்கு லாபம் என்று பார்த்தேன். நான் ஒவ்வொரு படி அதிகம் இறங்கும்போதும் நைனா ஒரு படி குறைவாக ஏறுகிறார். கை போய்விட்டது, வீச முடியவில்லை, ஏறவும் சோம்பல். தன் தோள்வலியை என் தலையில் கட்டிவிட்டார். கண்டுபிடிப்பை அன்று சாயங்காலம் தரைத்தளத்து சுந்தரத்திடம் விளக்கினேன். ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர், சர்க்கரைக்காரர், சோபாவிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் நடப்பவர் என்று நான் நினைத்திருந்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். அப்ப என் பேப்பர் மட்டும் ஏன் மூணாவது மாடி பால்கனியில விழுது?"

"மூணாவது மாடியிலயா?"

"தீபாவளியிலேர்ந்து."

மேலே படிக்கட்டில் பங்கஜம் மாமியின் குரல் கேட்டது. மூன்றாவது மாடி அவருடையது.

"நன்னா கேளுங்கோ! தெனம் கார்த்தால ஆறு மணிக்கு இந்த மனுஷர் மூச்சு வாங்கிண்டு ஆத்து வாசல்ல நிக்கறார். நான் அடுப்பைப் பாக்கறதா, இவருக்குப் பேப்பர் எடுத்துக் குடுக்கறதா? என் பேப்பர் எங்க இருக்குன்னு நெனைக்கறேள்? கேட்ல!"

தரையில் இருப்பவர் பேப்பர் வானத்தில். வானத்தில் இருப்பவர் பேப்பர் தரையில். மூன்றாவது மாடிக்கு வீசுகிற கை எப்படி ராங்காகப் போயிருக்கும்? என் முடிவு பொடிப்பொடியாயிற்று.

மறுநாள் ஐந்தேகால் மணிக்கே கேட்டில் நின்று நைனாவை மடக்கினேன்.

"உண்மையைச் சொல்லுய்யா. இதுக்கெல்லாம் பின்னால யாரு?"

சைக்கிளிலிருந்து இறங்கி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"என்னைப் புடிக்கிறதுக்கா நைனா இந்நேரத்துக்கே எறங்கி வந்தே?"

"பேச்சை மாத்தாதே."

"சரி, கேளு. சின்னப் பசங்கல்லாம் செல்லுலயே பாத்துக்கிறானுங்கோ. பேப்பர் வாங்குறது உன்ன மாரி பெருசுங்கதான். பெருசு கால நீட்டிக்கினு உக்காந்துட்ச்சின்னு வெய்யி, புள்ள வந்து இட்டுக்கினு பூடுவான். அந்த வூட்ல பேப்பர் நின்னு பூடும். போன வருசம் இந்தத் தெருவுல மட்டும் நாலு வூடு. அப்பால நான் யாருக்குப் போடுறது, காக்காய்க்கா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. கருணை, சேவை என்று ஏதாவது சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை நம்பியிருக்க மாட்டேன். தொழில் என்றார். அதை நம்பலாம். வாடிக்கையாளர்களை உயிரோடு, நடமாட்டத்தோடு வைத்துக்கொள்ள ஒரு வியாபாரி படும் பாடு. குறிப்பேட்டில் 'காரணம்: சுயநலம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

"அப்ப நாளையிலேர்ந்து குளத்தாண்ட, பூக்கார செல்விகிட்ட குட்த்துர்றன். வாங்கிக்க" என்றார்.

"எதுக்கு? கேட்ல வெச்சா போதாதா?"

"அதான் கேட்டாண்ட வந்துட்டியே நைனா."

மார்கழி முழுவதும் குளத்து மூலைக்கு நடந்தேன். முதல் வாரம் கைத்தடியோடு, பிறகு பெயருக்குக் கைத்தடியோடு. செல்வி பூக்கூடைக்கு அடியிலிருந்து பேப்பரை எடுத்துக் கொடுப்பார். கொடுப்பதற்குள் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்.

"மொத பக்கத்துல ஒண்ணியும் இல்ல சார். மழை வருமாம். உள்ள ஒரு நகைக்கடை விளம்பரம் கீது, அது நல்லா கீது."

நாற்பது வருடம் முதல் பக்கம் போட்டவனிடம் இப்படிச் சொல்வார்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீதர் ஆறு மணிக்கே வந்துவிட்டான். நான் சொன்ன எதையும் அவன் நம்பவில்லை. அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது. என் பிள்ளை.

"நான் பால்கனியில நிக்கறேன். நீங்க போய் பேப்பர் வாங்கிட்டு வாங்க. கூட வர மாட்டேன்."

பதினெட்டுப் படி. கேட். தெரு. முதுகில் மகனின் பார்வை இருக்கும்போது கால் வேறு யாருடையதோ போல இருக்கிறது. ஒருமுறை தடுமாறினால் போதும், மாலைக்குள் என் நாற்காலி கொட்டிவாக்கத்துக்கு வண்டி ஏறிவிடும். ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்துக் குளத்து மூலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செல்வி பேப்பரைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், திரும்பிப் பாக்காத. அந்தாளு வேப்ப மரத்தாண்ட நிக்கிறாரு."

"யாரு?"

"நைனாதான். இன்னா, உனக்குத் தெரியாதா? நீ கேட்ட வுட்டு வெளிய வர்றதுலேர்ந்து திரும்பிப் போயி பால்கனியில தலைய காட்டுற வரிக்கும் சைக்கிளப் புட்ச்சிக்கினு நிப்பாரு. தெனமும். அப்பாலதான் அடுத்த தெருவுக்கே போவாரு. அங்க லேட்டா வருதுன்னு மூணு வூட்ல பேப்பரையே நிறுத்திட்டாங்கோ. நானும் சொல்லிட்டேன், கேக்க மாட்டன்றாரு. பெருசு வுழுந்துட்டா யாரு தூக்குறதுன்றாரு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு வாடிக்கையாளரைக் காப்பாற்ற மூன்று பேரை இழக்கிற வியாபாரி உலகத்தில் கிடையாது. நான் நம்பி அடிக்கோடிட்ட ஒரே காரணமும் போயிற்று. வேறு என்ன காரணம் என்று யோசித்தேன். எழுதும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. பின்னால் எங்கோ சைக்கிளின் செயின் கிறீச்சிட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது.

பதினெட்டுப் படி ஏறி வந்தேன். ஸ்ரீதர் கதவருகில் நின்றிருந்தான். முகம் சரியில்லை.

"அப்பா, ஒரு சைக்கிள்காரர் உங்களையே பாத்துட்டு பின்னாடி வந்தார். இப்பக்கூட கீழ நின்னு இங்கயே பாக்கறார். யார் அந்த ஆள்? கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க."

"பால்கனிக்குப் போய் நின்னா போயிடுவார்" என்றேன்.

போய் நின்றேன். போய்விட்டார்.

ஸ்ரீதர் கொஞ்ச நேரம் தெருவையும் என் கால்களையும் மாறி மாறிப் பார்த்தான். "சரிப்பா, இங்கயே இருங்க" என்றான். பிறகு, தனக்குப் பேப்பரில் பாதி வேண்டும் என்று கேட்டான்.

விஷயம் தெரிந்துவிட்டது என்று நைனாவிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் வேறு ஏதாவது மரத்தடிக்கு மாறியிருப்பார். மறுநாளிலிருந்து கொஞ்சம் வேகமாக நடக்க ஆரம்பித்தேன். அடுத்த தெருவுக்கு அவர் நேரத்தோடு போக வேண்டுமே.