என் கட்டில் எந்த ஊரில் இருக்கிறது?

ஹேசல்கோட்,
மே 14, 1953.

அன்புத் தங்கை மியூரியலுக்கு,

அண்ணன் வில்ஃப்ரெட் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அண்ணி எனிட்டும், பாத்தியில் என் வெங்காயங்களும் சௌக்கியம். லீட்ஸில் உன் முழங்காலும் உன் வீட்டுக்காரரும் அப்படியே இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். சமையலறையில் கட்டில் போட்டு, அதில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் என்று கேள். 1911-இல் நின்றுபோன, ஊர்கூடி எல்லைக்கோட்டோடு நடந்து எல்லை சுற்றும் வழக்கத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டுமென்று, ஊர்ச் சரித்திரச் சங்கத் தலைவன் என்ற முறையில் மூன்று வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தினேன் அல்லவா, போன ஞாயிற்றுக்கிழமை நடந்தேவிட்டது. தேவாலயப் பெட்டியில் கிடைத்த 1783-ஆம் வருஷத்து வரைபடத்தோடு பாதிரியார் கிரிம்ஷா முன்னால், நாற்பது பேர் பின்னால், ஆளுக்கொரு குச்சி, எல்லைக்கல்லைப் பார்த்த இடத்திலெல்லாம் ஒரு சாத்து. அடடா, பார்க்கக் கண் கோடி வேண்டும். "கோடு எங்க போகுதோ அங்கதான் நாமளும் போகணும், குளமோ வீடோ சுத்திப் போற பேச்சே கூடாது" என்று சட்டம் பேசியவன் நான். பக்கத்து வீட்டு ஹொரேஸை அவருடைய வாத்துக் குளத்திலேயே இடுப்பளவு இறக்கிவிட்டுக் கைதட்டியவனும் நான்தான். அடுத்து வந்தது நம் வீடு.

பாதிரியார் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டாப்ஸ்காட், கோடு உங்க சமையலறைச் சன்னல் வழியால்ல போகுது" என்றார். நாற்பது பேரும் சன்னல் ஏறிக் குதித்தார்கள் மியூரியல், எனிட் ஒரு மாச ரேஷன் சர்க்கரையைச் சேர்த்துவைத்துக் காய்ச்சிய ஜாம் அடுப்பிலிருந்து தரைக்குப் போனது, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவர்தான் பக்கத்து ஊர் பிம்பர்லிக்கும் நமக்கும் எல்லையாம், அதை ஆளாளுக்குக் குச்சியால் சாத்தினார்கள், கடிகாரம் விழுந்தது. அப்போதுதான் சொட்டச் சொட்ட நனைந்த ஹொரேஸ் வாயைத் திறந்தார்.

"வில்ஃப்ரெட், சாப்பிடறது ஹேசல்கோட்ல, தூங்கறது பிம்பர்லில. அப்ப நீ எந்த ஊர்க்காரன்யா?"

ஊருக்குள் தூங்காதவன் சங்கத் தலைவனாக இருக்கக்கூடாது, ஆகஸ்ட் காய்கறிக் கண்காட்சியில் வெங்காயமும் போட்டிக்கு வைக்கக்கூடாது என்று 1938-இல் விதி எழுதியதே நான்தானே. பிம்பர்லிப் பயல் ஒருவன் இங்கே கொட்டகை பிடித்துப் பரிசை அள்ளப் பார்த்தான் என்று எழுதினேன். பத்தொன்பது வருஷத் தலைமை, பதினோரு முதல் பரிசு, எல்லாம் ஒரு சுவருக்காகப் போவதா? அன்றைக்கே கட்டிலைப் பிரித்துச் சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அலமாரி இருந்த இடத்தில் நான், நான் இருந்த இடத்தில் அலமாரி. "அடுப்புப் பக்கத்துல படுத்துக்கிட்டா நான் ரொட்டி சுடறதா, உங்க காலைச் சுடறதா?" என்று எனிட் நாலு நாளாகப் பாடாய்ப் படுத்துகிறாள். கால் கருகினாலும் சரி, பிம்பர்லிக் காற்றில் இனி ஒரு குறட்டையும் விடமாட்டேன். அந்த ஊரில் மனுஷன் குடியிருப்பானா?

உன் குழந்தைகளுக்கு என் ஆசிகள், மாப்பிள்ளைக்கு என் வணக்கம். கடைசி மூச்சுவரை ஹேசல்கோட்காரனான,

உன் அண்ணன்,
வில்ஃப்ரெட் டாப்ஸ்காட்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பிம்பர்லிக் கண்காட்சிச் செயலாளர் சைக்கிளில் வந்து இறங்கினார். தங்கமான மனுஷன். அங்கே போன வருஷம் முதல் பரிசு வாங்கிய வெங்காயம் கோலிக்குண்டு அளவுதானாம், சரித்திரச் சங்கத்துக்குத் தலைவரே இல்லையாம். கட்டிலைப் பழையபடி படுக்கையறைக்கே கொண்டுபோய்விட்டேன், இன்னொரு முனையை ஹொரேஸே சந்தோஷமாகப் பிடித்துத் தூக்கிக்கொடுத்தார். இனி கடிதம் போட்டால் பிம்பர்லி என்று விலாசம் எழுது. அண்ணிக்கு எழுதுவதானால் பழையபடி ஹேசல்கோட். சமையலறை அவளுக்கு, அந்தப் பக்கம் காலை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.