ஆயிரத்து இருபத்து நாலு

மயிலாப்பூரில் ஒழுங்காக எண்ணத் தெரிந்த அத்தனை பேரையும் குழப்பிவிட்ட பெருமை ஒரே ஒருவரைத்தான் சேரும். மாட வீதிக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் ‘ஆயிரத்து இருபத்து நாலு’.

பென் டிரைவ் கேட்டால், அட்டையில் அச்சடித்த 64 ஜிபியை மார்க்கரால் அடித்து, 59.6 என்று எழுதித்தான் தருவார்.

“இன்னா நைனா, அடிச்சிக் குடுக்கறே?” என்பார் வாங்க வந்தவர்.

“கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான். கம்ப்யூட்டர் பொட்டி ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. ரெண்டும் கரீட்டு.”

“அப்போ மீதி எங்க?”

“எதுவும் குறையல. எண்றதுதான் வேற.”

“குறையலைன்னா எதுக்கு அடிச்சே?”

“நீ வூட்டுக்குப் போயி ஏமாந்துட்டோம்னு நினைக்கக் கூடாதுல்ல!”

வந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கோயிலில் ஆயிரத்தெட்டு நாமம் சொல்லி முடித்த குருக்களிடம், “இன்னும் பதினாறு கீதே சாமி” என்றாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் அப்படியே நம்புகிறேன்.

என் மகள் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பும். ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும். எங்கள் கணினி 49.7 என்றது. தளமோ ‘அளவு அதிகம்’ என்று ஒன்பது முறை துப்பியது. பயந்துபோய் இருபதுக்குக் குறைத்தோம். ‘முகம் தெளிவில்லை’ என்றது. அழுதுகொண்டிருந்தவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அவர் கடைக்குப் பறந்தேன். மணி நாலே முக்கால்.

“ஐம்பதைவிட 49.7 குறைச்சல்தானே?” என்றேன் பரிதாபமாக.

“உங்க பொட்டிக்குக் குறைச்சல் சார். சைட்டுக்காரன் ஆயிரத்துல எண்ணுறான். அவனுக்கு இது அம்பதைத் தாண்டிப் போய்க்கினு கீது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டோவில் மகளின் முகத்தைத் தொடாமல், பின்னாலிருந்த சுவரை மட்டும் அவர் கொஞ்சம் நறுக்கினார். 48 ஆனது. தளம் சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டது. நாலு ஐம்பத்தெட்டு.

“மூஞ்சி நல்லா தெரியணும்மா. நீதானே போய் எழுதப் போறே” என்றார் மகளிடம்.

அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. கிலோ என்றால் ஆயிரமா, இன்னும் இருபத்து நாலு சேர்த்தா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நிரப்ப வேண்டிய படிவம் எதுவும் வீட்டில் இல்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு போய், “இது எத்தனை கேபி, கொஞ்சம் பாருங்களேன்” என்று அவர் எதிரில் உட்கார்ந்துவிடுகிறேன்.