ரெசிடென்ஸி பெரியப்பா

கேட்காமலே விளக்குகிறவர்கள் என்றோர் இனம் உண்டு. அதில் டாக்டர்களுக்கே டாக்டர் படிப்பை விளக்குகிறவர்கள் தனி ரகம். எங்கள் பெரியப்பா அந்த ரகம். முப்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். அவற்றில் நாலைந்து ஆஸ்பத்திரி லிஃப்டுகள் என்பதால் மருத்துவத் துறை மேலிருந்து கீழ்வரை அவருக்கு அத்துப்படி.

என் தங்கை டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். அமெரிக்காவில் மேற்பயிற்சிக்கு எந்தெந்த இடம் வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் அனுப்ப அன்று மாலை ஐந்து மணி கெடு. தவறினால் ஒரு வருஷம் போச்சு. நாலேகாலுக்கு வாசல் மணி அடித்தது. வேறு யார்?

செருப்பைக் கழற்றி, ஃபேனைக் கூட்டி, அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டி, திரையை ஒரு முறை முறைத்துவிட்டுப் பெரியப்பா கேட்டார்:

“ரெசிடென்ஸின்னு போட்டிருக்கே, எத்தனை ரூம்?”

“வீடு இல்ல பெரியப்பா. ஆஸ்பத்திரில வேலை பார்த்துக்கிட்டே கத்துக்கிற பயிற்சி.”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

எங்கே சொன்னார்? கேட்க முடியுமா? பாவம், தங்கை பொறுமையாகச் சொன்னாள்.

“மூணு வகை இருக்கு. ஒண்ணு, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே இடம். இன்னொண்ணு, முதல் வருஷம் மட்டும், முடிஞ்சா வெளிய வந்துடணும். மூணாவதுல ரெண்டாம் வருஷத்துலேருந்துதான் சேர்த்துப்பாங்க, முதல் வருஷத்தை வேற எங்கயாவது முடிச்சிருக்கணும். எனக்குப் பிடிச்ச மயக்க மருந்துப் பிரிவு இந்த மூணாவது வகை. அதனால ஒரு வருஷ இடமும் சேர்த்துக் கேட்டிருக்கேன்.”

“ஒரே வருஷத்துல வெளிய அனுப்புறவன்கிட்ட எதுக்கும்மா போகணும்? மானக்கேடு! நேரா ரெண்டாம் வருஷத்துல சேரு. உன் மூளைக்கு டபுள் புரமோஷன்!”

தங்கைக்கு ஃபோன் வந்தது, எழுந்து போனாள். நான் பெரியப்பாவுக்கு டீ போடப் போனேன். எங்கள் இருவருக்கும் புத்தி இருந்திருந்தால் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போயிருப்போம். திரும்பி வந்தபோது மணி நாலு ஐம்பத்தைந்து, பட்டியலில் ஒரு வருஷ இடத்தைக் காணோம்.

“நானே எடுத்துட்டேன். உனக்கு எதுக்கு சிரமம்?”

அந்த இடம் இல்லாமல் மயக்க மருந்துப் பிரிவு கிடைத்தாலும் பயனில்லை. மாடிக்குப் படி வைக்காமல் வீடு கட்டிய கதைதான். தங்கை பெரியப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, ஒரு நிமிஷம் மிச்சமிருக்கும்போது, அதைத் திரும்பச் சேர்த்து அனுப்பிவிட்டாள். “நான் மட்டும் அன்னிக்குக் கூட இல்லேன்னா அவ அனுப்பியிருக்கவே மாட்டா” என்று பெரியப்பா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மூன்று வகையும் இப்போது உங்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது, இல்லையா? உங்கள் எதிர்வீட்டில் ஒரு டாக்டர் பெண் இருப்பதும் ஞாபகம் வந்து எழுந்துவிட்டீர்களா?

தயவுசெய்து உட்காருங்கள்.