யாழ்ச் சிங்கத்தின் முதல் வெற்றி

“அண்ணை, உங்கட பேரைக் காணேல்லை.”

அருட்பிரகாசம் காட்டிய இடத்தைத் தில்லையம்பலம் எட்டிப் பார்த்தார். நேற்று மாலை காரின் கூரையில் சிவப்பாகச் சிரித்த பெயர் அது. இரவு மழை அதைக் கரைத்து, முன்கண்ணாடி வழியே இரத்தம் வழிந்ததுபோல் இறக்கியிருந்தது.

யாழ்ச் சிங்கம் மோட்டார் பந்தய அணி என்பது தலைவர் தில்லையம்பலம். சாரதி, மெக்கானிக், செயலாளர் மூன்றுமான அருட்பிரகாசம். பிறகு இந்த வெள்ளைக் கார். விம்பிள்டனில் பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்து நொறுக்கிக்கொண்டே ஓடும் பந்தயத்தில், இந்த 1989 வரை அது ஒரு முறையும் முடிவுக்கோட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் தலைவரின் விசிட்டிங் கார்டு ‘ஒருபோதும் கடைசியாக வராத அணி’ என்றது. அதில் பொய் இல்லை. கடைசியாக வருவதற்கும் வந்து சேர வேண்டுமே.

இன்று இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர் யோகலிங்கம் நேரில் பார்க்க வருகிறார். கார் ஓட்டத்தை முடித்தால் பொங்கல் விழாவில் தில்லையம்பலத்துக்குப் பொன்னாடை, ‘பந்தயப் பேரரசர்’ பட்டம். முடிக்காவிட்டால் பொன்னாடை கரம்போர்ட் ஆடும் பல் டொக்டருக்கு.

“துடையடா!”

துடைத்தான். சிவப்பு கார் முழுக்கப் பரவி, கொலை நடந்த இடம்போல ஆயிற்று.

“கறுப்பு பெயின்ற் மிச்சம் கிடக்கு. அடிச்சு மூடட்டோ?”

“மூடு.”

மூடினான். கறுப்புக்கு மேல் இனி சிவப்பு எழுத்து எடுபடாது.

“பேரில்லாமல் நான் எப்பிடிப் போறது? அந்தப் பூக்கடைக் கண்ணாடிக்குள்ள பூவில எழுத்துச் செய்து வச்சிருக்கிறாளே, அப்பிடி என்ர பேரைச் செய்விச்சு வா!”

அருட்பிரகாசம் முழ உயர வெள்ளைப் பூ எழுத்துகளோடு திரும்பி, அவற்றைக் கார்க் கூரையில் கட்டினான்.

“கடைக்காரி எத்தினை மணிக்கு எண்டு கேட்டவ அண்ணை. ரெண்டுக்கு எண்டன். என்ர கையைப் பிடிச்சு, தைரியமா இருங்கோ எண்டவ.”

“பந்தயமெண்டால் தைரியம் வேணுந்தானே. அவளுக்கும் விளங்கியிருக்கு.”

“பேரை மட்டும் பாத்தால் வெள்ளையனுக்கு ஆளைத் தெரியுமோ?”

நியாயமான கேள்வி. தலையில் முடி நிறைய இருந்த இளமைக் காலத்துப் படமொன்றைத் தலைவரே எடுத்துவந்து பின்கண்ணாடியில் கட்டினார்.

விம்பிள்டன் பக்கத்து நாய்ப்பந்தய மைதானத்தில் தூறல் விடவில்லை. கறுப்புக் கார் உள்ளே நுழைந்ததும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். ஒலிபெருக்கி பாதி வசனத்தில் நின்றது. சாரதிகள் கூடிக் குசுகுசுத்தார்கள். போன முறை அருட்பிரகாசத்தை மதிலோடு சேர்த்து நசுக்கிய மொட்டைத் தடியன், காரைப் பார்த்துத் தலை குனிந்தான்.

கொடி அசைந்தது. கறுப்புக் கார் இருமிக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. இடிப்பார் இல்லை. முந்துவார் இல்லை. மற்றக் கார்களெல்லாம் வரிசையாக, அதே மெதுவில், பின்னால் வந்தன. ஹோர்ன் இல்லை, கூச்சல் இல்லை. பூக்களிலிருந்து மழைநீர் சொட்டியது.

“தில்லையம்பலத்தார், ஏன் ஒருத்தரும் கத்தேல்லை?” பார்வையாளர் படியில் யோகலிங்கம் கோட்டை இறுக்கிக்கொண்டார்.

“பயம். சிங்கமெண்டால் பயம் வருந்தானே.”

“எல்லாரும் எழும்பி நிக்கினம். தொப்பியையும் கழட்டிப்போட்டினம்.”

“அது மரியாதை.”

“எனக்கெண்டால் கைகால் நடுங்குது.”

தில்லையம்பலமும் கோட்டுக் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஆனால் பேரரசர்கள் நடுங்குவதில்லை.

கார் முடிவுக்கோட்டைத் தாண்டியது. யாழ்ச் சிங்கம் முதலிடம்! கைதட்டல் ஒன்றுகூட எழவில்லை. தூரத்தில் ஒரு பெண் விசும்புவது மட்டும் கேட்டது.

“பொன்னாடை உங்களுக்குத்தான்,” என்றார் யோகலிங்கம், எதற்கோ பயந்தவர்போல்.

வெற்றிக் கிண்ணத்தை வாங்க தில்லையம்பலம் நெஞ்சை நிமிர்த்திப் படியிறங்கினார். கூட்டம் சத்தமில்லாமல் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. மொட்டைத் தடியன் அவர் தோளைத் தொட்டுவிட்டு விலகினான். அந்தக் கை அவ்வளவு மென்மையாக இருந்ததுதான் அவரை உலுக்கியது.

தேநீர் வண்டிக்கார வெள்ளைக்காரக் கிழவி ஓடிவந்து அவர் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கலங்கிய கண்கள் பின்கண்ணாடிப் படத்துக்குப் போய் வந்தன.

“அந்த அஞ்சலிப் பூக்களைக் கண்டதும் எல்லோரும் பேசித்தான் முதலிடத்தை விட்டுக்கொடுத்தோம் ஐயா. இவ்வளவு சின்ன வயதில் உங்கள் மகன் போயிருக்க வேண்டாம்.”