நரண்டேரா தாண்டாத கேரவன்

இந்த வருஷ விடுமுறையில் சகலை வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று வார்விக் சபதம் எடுத்தார். கார் கொட்டகையில், தனியாக, மெல்லிய குரலில் எடுத்தார். மனைவி நோலீன் காதில் விழுந்துவிடக்கூடாதல்லவா?

சகலை கெல்வின் கெட்டவர் இல்லை. நரண்டேராவில் வீடு. வாயைத் திறந்தால் மழையைப் பற்றித்தான் பேசுவார். எந்தத் தேதியில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று முப்பது வருஷத்துக்கு ஒப்பிப்பார். அந்தப் பக்கம் மழை ரொம்பக் குறைவு. பேச்சுக்குத்தான் வறட்சியே கிடையாது.

வார்விக்குக்கு வேண்டியது நரண்டேராவையும் தாண்டி யூஸ்டன் பக்கத்து ஏரி, ஒரு தூண்டில், பேசாத மீன். அதற்காகவே, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடான ஒரு பழைய கேரவன் வாங்கினார். கேரவனின் சக்கரங்களில் மின்சார பிரேக். அதை இயக்கும் பெட்டியை முன்னால் இழுக்கிற வண்டியில் மாட்டாமல் ரோட்டில் இறங்கக்கூடாது. அவருடைய வண்டிக்கோ வயது முப்பத்துநான்கு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டினா ஏரி. மாட்டலைன்னா கேரவன் இங்கேயே கிடக்கட்டும். எங்க அக்கா பெரில் வீட்டுப் பின்னறையில ரெண்டு வாரம்" என்றாள் நோலீன். பெரிலின் கணவர்தான் கெல்வின்.

"நானே மாட்டுறேன்."

"நீயா? போன மாசம் காலிங் பெல் மாட்டினே. அழுத்தினா பக்கத்து வீட்டு நாய்தான் வருது."

வார்விக் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தார். பெட்டியோடு வந்த தாளில் நாலே ஒயர்: கறுப்பு, வெள்ளை, நீலம், சிவப்பு. குழந்தைகூட மாட்டிவிடும். ஆனால் வண்டிக்குள் இருந்த நாற்பது ஒயரும் ஒரே நிறம். புழுதி நிறம். முதல் நாள் பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது. இரண்டாம் நாள் ஹாரன் அடித்தால் உள்விளக்கு எரிந்தது.

மூன்றாம் நாள் நோலீனே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வார்விக் கீழே ஒரு ஒயரில் சின்ன சோதனை பல்பைத் தொட்டுப் பிடித்தார்.

"பிரேக்கை அழுத்து."

"அழுத்தியாச்சு."

"எரியுது! இப்ப விடு."

"விட்டாச்சு."

"பொய் சொல்லாதே, இன்னும் எரியுது."

"காலைத் தூக்கிக் காட்டட்டுமா? பிரேக் விளக்கு ஸ்விட்ச்சுல ஒரு பக்கம் எப்பவும் கரண்ட் இருக்கும். மறுபக்கம் மிதிச்சாத்தான் வரும். பக்கம் மாத்திக் கட்டு."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

மாற்றிக் கட்டினார். மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. கேரவனை மட்டும் தனியாக நிறுத்த ஒரு குமிழ் மிச்சம் இருந்தது. டிரைவர் பக்கம் பிளாஸ்டிக் வெடித்திருந்ததால் ரேடியோவுக்கு இடப்பக்கம் திருகினார். நோலீன்தான் இடம் காட்டினாள். அக்கா வீட்டுக்குப் போகத் துடிக்கிறவள் ஏன் இப்படி உதவுகிறாள்? வார்விக்குக்கு விளங்கவில்லை. வெற்றியில் அதை ஆராயவும் இல்லை.

சனிக்கிழமை காலை தங்கள் ஊரான யாஸிலிருந்து கிளம்பினார்கள். நோலீன் பெரிய மேப் புத்தகத்தை மடியில் விரித்து, ரேடியோவை மறைக்கிற மாதிரி சாய்த்து வைத்துக்கொண்டாள். இந்த ரோடு அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அப்புறம் எதற்கு மேப்?

வழியில் வாகா ஊர் வரைக்கும் கேரவன் தங்கமாக வந்தது. அதற்கப்புறம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாற்போல் இருந்தது. இறங்கினார். சக்கரத்தைத் தொட்டார். ஒயரை முறைத்தார். ஏறி ஓட்டினார். மறுபடி இழுத்தது.

"எதிர்க்காத்தா இருக்கும்" என்றார்.

"மரத்துல ஒரு இலை ஆடல, வார்விக்."

நான்கு தடவை இறங்கினார். நரண்டேரா வந்தது. கெல்வின் வீட்டுத் திருப்பத்தைக் கண்ணை மூடாத குறையாகக் கடக்கப் பார்த்தார். கேரவன் அடம்பிடிக்கும் குழந்தையாய் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டது.

"இப்ப என்ன பண்றது?"

"நான் என்னத்தைக் கண்டேன்? பெரில் வீட்டு நிழல்ல நிறுத்திப் பாரேன்."

வேறு வழியில்லாமல் திருப்பினார். உடனே கேரவன் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வந்தது. வார்விக்குக்குத் தலை சுற்றியது.

கேட்டருகே கெல்வின் டார்ச்சோடு நின்றிருந்தார். "வா சகலை! பதினொன்னரைக்கு வருவீங்கன்னு நோலீன் சொன்னா. அஞ்சு நிமிஷம் லேட்."

"எப்ப சொன்னா?"

"போன வாரம்."

கெல்வின் ஸ்டியரிங்குக்குக் கீழே வெகுநேரம் டார்ச் அடித்துப் பார்த்தார். "பிரமாதம்! ஒயரிங்ல ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப ஏன் இழுத்துது?"

"இந்தக் குமிழை அழுத்தினா இழுக்கத்தானே செய்யும்? அதை நோலீன் கைக்கு எட்டுற மாதிரி வெச்சிருக்கியே!"

வார்விக் மெல்லத் திரும்பினார். நோலீன் மேப் புத்தகத்தை நிதானமாக மூடினாள். "புத்தகம் கனம். கை அங்க இங்க பட்டிருக்கும்."

அவர் கோபப்படுவதற்குள் கெல்வின் தோளில் கை போட்டுவிட்டார். "முப்பத்துநாலு வருஷத்து வண்டிக்குப் பிரேக் பெட்டியைத் தன் கையாலயே மாட்டிட்டான்னு நோலீன் போன்ல சொன்னப்ப எனக்கே கண் கலங்கிடுச்சு. பழைய வண்டின்னா இங்க எவனும் தொடமாட்டேங்கிறான். கொஞ்சம் கொல்லைப்பக்கம் வாயேன்."

கொல்லையில் கெல்வினின் வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. அதற்குப் பின்னால் வரிசையாக இன்னும் ஆறு. எல்லாம் வார்விக்கின் வண்டிக்கு அண்ணன்கள்.

"மத்ததெல்லாம் எங்க கேரவன் கிளப்போடது. அவசரமே இல்ல, சகலை."

சமையலறை ஜன்னலிலிருந்து நோலீனின் குரல் வந்தது. "நாளைக்கு ரெண்டு வண்டிக்கு மேல வேண்டாம் கெல்வின், பாவம், அவருக்கு லீவு!"